பள்ளிக்குள் வருவது யார்? அரசுப் பள்ளிகளுக்கான நுழைவு ஒழுங்கு

அரசுப் பள்ளிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சுற்றுச்சுவர், வாட்ச்மேன், கேமரா என்ற மூன்று கோரிக்கைகள்தாம் முதலில் வரும். மூன்றும் நியாயமானவை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தன் அட்டவணையில் பள்ளிக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் இவை வரும்வரை ஒன்றும் செய்ய இயலாது என்று காத்திருப்பதும், வந்து சேர்ந்தபின் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதும் ஒரே தவறுதான். பள்ளிக்குள் வந்து தீங்கு செய்தவர்களில் பலர் சுவரேறிக் குதித்தவர்கள் அல்லர். பகல் வெளிச்சத்தில், வாசல் வழியாக, எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் வந்தார்கள். அவர்களை நிறுத்திக் கேட்க யாரும் இல்லை, அல்லது கேட்க வேண்டிய ஆள் இவர் என்று யாருக்கும் தோன்றவில்லை. வரும் ஒவ்வொரு பெரியவரையும் பள்ளியின் ஒருவர் எதிர்கொள்ள வேண்டும், யார், எதற்காக வந்தார் என்று கேட்க வேண்டும், எழுத வேண்டும், போகவேண்டிய இடம்வரை உடன் செல்ல வேண்டும். இந்தப் பழக்கத்தை விதிவிலக்கின்றிக் கடைப்பிடிப்பதே மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் வரவேண்டியது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பள்ளி ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ஒசாகா கல்விப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இகேடா தொடக்கப் பள்ளிக்குள் 2001 ஜூன் 8 அன்று காலை ஒருவர் கத்தியோடு நுழைந்து எட்டுக் குழந்தைகளைக் கொன்றார். ஆசிரியர் இருவர் உட்படப் பதினைந்து பேர் காயமடைந்தனர். அவர் வந்தது திறந்து கிடந்த வாகன வாசல் வழியாக. வகுப்பறைகளை நோக்கி அவர் நடந்தபோது ஆசிரியர் ஒருவர் எதிர்ப்பட்டிருக்கிறார், தலைதாழ்த்தி வணங்கவும் செய்திருக்கிறார். வந்தவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. ஜப்பானியப் பழக்கத்தில் அது கவனிக்கத்தக்க வேறுபாடு. இருந்தும் அவரை நிறுத்தி விசாரிக்க அந்த ஆசிரியருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. முகம் தெரியாத ஒருவரைக் கண்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் பயிற்சி தந்திருக்கவில்லை. இத்தனைக்கும் ஒன்றரை ஆண்டு முன்பு, 1999 டிசம்பரில், கியோட்டோ நகரத்து ஹினோ தொடக்கப் பள்ளியின் மைதானத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வெளியாளால் கொல்லப்பட்டிருந்தான். அதையொட்டிக் கல்வி அமைச்சகம் சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தது. இகேடா பெற்றோருடன் 2003 ஜூன் 8 அன்று செய்துகொண்ட உடன்பாட்டில் அமைச்சகமும் பல்கலைக்கழகமும் பள்ளியும் தங்கள் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டன. சுற்றறிக்கை அனுப்பியதோடு நின்றுவிட்டதும், பள்ளி அதை நடைமுறையாக்காததும் அந்த ஒப்புதலில் அடங்கும். இன்று அந்தப் பள்ளியில் வருபவர் யாராயினும், பெற்றோராயினும், அடையாள அட்டை அணிந்தாக வேண்டும். அட்டையில்லாத பெரியவரைக் காணும் ஆசிரியர் அருகே போய்ப் பேச வேண்டும் என்பது அங்கே கடமை. அதற்கு ஒத்திகையும் உண்டு: ஆசிரியர்களில் ஒருவரே வெளியாளாக நடிக்க, மற்றவர்கள் அவரை எதிர்கொண்டு பழகுகிறார்கள்.

ஜப்பானில் நடந்தது நமக்கெதற்கு என்று எண்ண இடமில்லை. 2024 நவம்பர் 20 அன்று தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை ஒருவர் பள்ளி வேலை நேரத்தில், பள்ளிக்குள்ளேயே, வெளியிலிருந்து வந்த இளைஞரால் குத்திக் கொல்லப்பட்டார். திருமணத்துக்கு மறுத்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படையின் பெயரில் நடந்த முகாமில் மாணவியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அந்த முகாமுக்கும் தேசிய மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. இரண்டும் முற்றிலும் வேறுவகைக் குற்றங்கள். முதலாவதில் வந்தவர் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடி வந்தார். இரண்டாவதில் வந்தவரைப் பள்ளியே வரவேற்று இடங்கொடுத்தது. ஆனால் இரண்டிலும் சுவரின் உயரம் எதையும் மாற்றியிருக்காது. முதலாவது வகையில், வந்தவர் வாசலுக்கருகே காத்திருக்க நேர்ந்திருந்தால், அவர் பார்க்க விரும்பும் ஆசிரியருக்குத் தகவல் போயிருந்தால், வேண்டாம் என்று சொல்ல அந்த ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். இரண்டாவது வகையில், முகாம் நடத்துவதாகச் சொல்பவர் யார் என்று உரிய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தாலே வேடம் கலைந்திருக்கும். இந்த ஒழுங்கு இருந்தால் எல்லாக் குற்றமும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. கொல்ல வேண்டுமென்றே வருபவரைப் பதிவேடு தடுக்காது. ஆனால் அவருக்கும் குழந்தைக்கும் இடையில் சில நிமிடங்களையும் ஒரு சாட்சியையும் அது வைக்கிறது. கதவைத் தாழிடவும் 100க்கோ 112க்கோ அழைக்கவும் அந்த நிமிடங்கள்தாம் வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். எந்த விதியையும் எழுதுமுன் ஒரு வாரம் கணக்கெடுங்கள்: காலையில் கேட் திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை, மாணவரும் ஆசிரியரும் அல்லாத யார் யார், எந்த நேரத்தில், எந்த வழியாக உள்ளே வருகிறார்கள்? அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்தப் பட்டியல் தலைமை ஆசிரியரே எதிர்பாராத அளவு நீளும். காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கும் மகளிர் குழுவினர் ஆசிரியர்களுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், காய்கறி இறக்குபவர், வட்டாரக் கல்வி அலுவலர், ஆசிரியப் பயிற்றுநர், மருத்துவக் குழு, பாடநூல் இறக்கும் லாரி, ஆதார் முகாம்காரர், கராத்தே பயிற்சியாளர், தொண்டு நிறுவனத்தார், போட்டோகிராபர், மதியச் சாப்பாடு கொண்டுவரும் பாட்டி, குழாயில் தண்ணீர் பிடிக்க வருபவர்கள், குறுக்குவழியாக மைதானத்தைக் கடப்பவர்கள் என்று எல்லோரும் அதில் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கு வேண்டியவர்கள். பட்டியலின் நோக்கம் அவர்களை விரட்டுவது அன்று. தினமும் வருபவர் யார், எப்போதாவது வருபவர் யார், வரவே தேவையில்லாதவர் யார் என்று பிரித்தறிவது. தினமும் வருபவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டையும் பெயர்ப்பட்டியலும் போதும். மகளிர் குழுவில் ஒருவருக்குப் பதில் வேறொருவர் சமைக்க வந்தால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும் என்ற ஓர் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் திறப்பதற்கும் முதல் ஆசிரியர் வருவதற்கும் இடைப்பட்ட காலை நேரத்தைப் பற்றித் தனியே யோசியுங்கள். குழந்தைகள் வந்து சேர்ந்திருப்பார்கள், பொறுப்பான கண் இருக்காது. பல பள்ளிகளில் ஒரு நாளின் மிகப் பலவீனமான அரைமணி நேரம் அதுதான்.

எப்போதாவது வருபவர்களுக்குத்தான் முழு ஒழுங்கும் வேண்டும். பள்ளிக்கு எத்தனை கேட் இருந்தாலும் வேலை நேரத்தில் ஒன்றின் வழியாக மட்டுமே வெளியார் வரவேண்டும். அந்தக் கேட்டை எப்போதும் மூடி வையுங்கள், ஆனால் உள்ளிருந்து யாரும் உடனே திறக்கும்படி தாழ்ப்பாள் மட்டும் போட்டிருங்கள். வெளியே ஒரு காலிங்பெல்லோ கயிறிழுத்தால் அடிக்கும் மணியோ இருக்கட்டும். வருபவர் முதலில் போகும் இடம் அலுவலக அறை. அது கட்டடத்தின் கோடியில் இருக்கிறதென்றால் அறையை மாற்றுவது பற்றி யோசியுங்கள். கேட்டைப் பார்த்தபடி தலைமை ஆசிரியரின் மேசை இருப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் அது கேமராவைவிடப் பயன்தரும். வந்தவரிடம் பேசும் முறையும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். “வாங்க ஐயா, உட்காருங்க. யாரைப் பார்க்க வந்தீங்க?” என்பது போதும். பெயர், ஊர், காரணம், நேரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, அவர் பார்க்க வந்த ஆசிரியருக்கு ஆளனுப்புங்கள். அந்த ஆசிரியர் அலுவலகத்துக்கு வந்து பார்க்க வேண்டும். வந்தவர் வகுப்பறைக்கோ ஸ்டாஃப் ரூமுக்கோ தானாக நடந்து போகக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் அது பெரியவர்களுக்கான கழிப்பறையாகவே இருக்க வேண்டும். போகும்போது வெளியேறிய நேரத்தையும் எழுதுங்கள். பெரும்பாலான பதிவேடுகளில் உள்ளே வந்தவர் வெளியே போனதாகவே குறிப்பு இருக்காது.

பதிவேட்டைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. மேசைமேல் விரிந்து கிடக்கும் நோட்டில் வருபவரே எழுதும்போது, அவருக்கு முன் வந்த பெண்களின் பெயரும் போன் நம்பரும் அவர் கண்ணில் படுகின்றன. ஆசிரியைகளின் போன் நம்பர்கள் சுவரில் எழுதியிருப்பதும் இதே சிக்கல்தான். பாதுகாப்புக்காக வைத்த ஏடே தொல்லைக்கு வழியாகலாம். பள்ளியின் ஊழியரே எழுதட்டும், நோட்டு இழுப்பறைக்குள் இருக்கட்டும். இன்னொன்றும் வேண்டும். யாரையாவது தன்னைப் பார்க்க விடக்கூடாது என்று ஆசிரியரோ ஆசிரியையோ தலைமை ஆசிரியரிடம் தனியே, காரணம் விரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமின்றி, சொல்வதற்கு வழி இருக்க வேண்டும். தொல்லை தரும் உறவினர், பிரிந்த கணவர், பின்தொடரும் ஆள் என்று எத்தனையோ சூழ்நிலைகள் உண்டு. சொன்னால் ஊர் பேசும் என்ற பயத்தில் பெண்கள் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் தலைமை, சொன்னவரைக் கேள்விக்குள்ளாக்கினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும், அது வலுவானது: “இது அரசுப் பள்ளி, ஊர்ப் பள்ளி. பெற்றோர் தயக்கமில்லாமல் வந்து போகவேண்டும் என்றுதானே இத்தனை காலம் பாடுபட்டோம்? கேட்டைச் சாத்தி, கையெழுத்து வாங்கினால், கூலி வேலைக்குப் போகும் தாய் இனி எட்டிப் பார்ப்பாரா?” இந்தக் கவலையை லேசாகத் தள்ளிவிட முடியாது. பள்ளிக் கட்டடத்தையே அந்நியமாக உணரும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை மேலும் தள்ளிவைக்கும் எந்த ஏற்பாடும் தோல்விதான். ஆனால் அவர்களைப் புண்படுத்துவது கேள்வி அன்று. ஆள் பார்த்துக் கேட்பதுதான் புண்படுத்துகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் நேராக உள்ளே போக, அழுக்குச் சேலை கட்டிய தாயை மட்டும் கேட்டில் நிறுத்தினால் அது அவமதிப்பு. பேருந்தில் கண்டக்டர் எல்லோரிடமும் டிக்கெட் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதுபோல ஊராட்சித் தலைவரும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும், கல்வி அலுவலரும் முதலில் எழுதிவிட்டு வந்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வராது. ஆகையால் இந்த விதியைத் தலைமை ஆசிரியர் தனியே அறிவிக்கக் கூடாது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அங்கே பேசி, அவர்கள் வாயால் தீர்மானமாகட்டும். காத்திருப்பவர் உட்கார நிழலில் ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், படிக்கத் தெரியாதவருக்காகத் தானே எழுதிக்கொள்ளும் ஊழியர், வாரத்தில் குறிப்பிட்ட நாளில் பெற்றோர் தாராளமாக வந்து பேச ஒரு மாலை நேரம் ஆகியவை இந்த ஒழுங்கின் பகுதிகளாகவே இருக்க வேண்டும். மரியாதை குறைந்தால் ஒழுங்கும் நிற்காது. பின்பக்கமாக வருவார்கள்.

விதிவிலக்கு இல்லை என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிகளுக்குள் எளிதாகப் போய்விடுபவர், மதிக்கத்தக்கவராகத் தோன்றுபவர்தான். லெட்டர்பேடு, சீருடை, சான்றிதழ், பெரிய மனிதருடன் எடுத்த போட்டோ, “மேலிடத்தில் பேசிவிட்டேன்” என்ற சொல் ஆகியவை நம் ஆசிரியர்களின் கேள்வியை அடக்கிவிடுகின்றன. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. எனவே பயிற்சி, முகாம், தன்னம்பிக்கைப் பேச்சு, போட்டி என்று எந்தப் பெயரில் வெளியார் மாணவரிடம் வந்தாலும் சில நிபந்தனைகள் தளரக் கூடாது. அந்த நிறுவனத்தை, அவர் கொண்டுவந்த கடிதத்திலுள்ள எண்ணில் அல்லாமல், நீங்களே தேடிக் கண்ட எண்ணில் அழைத்துக் கேட்க வேண்டும். கல்வி அலுவலரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வழி உத்தரவு போதாது. என்ன பேசப்போகிறார், என்ன கற்பிக்கப்போகிறார் என்பது முன்பே தெரிய வேண்டும். நிகழ்ச்சி முழுவதும் பள்ளியின் ஆசிரியர், மாணவியர் இருந்தால் ஆசிரியை, அறைக்குள் இருக்க வேண்டும். இரவு தங்கும் முகாம் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் பள்ளிப் பொறுப்பாளரின் தங்கலும் இல்லாமல் நடக்கவே கூடாது. இதில் நேர்மையான தொண்டர் யாரும் வருத்தப்பட மாட்டார். வருத்தப்படுபவரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஆள் பற்றாக்குறை. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் வாட்ச்மேன் பணியிடமே கிடையாது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பை நடத்தும் பள்ளியில் கேட்டில் யாரை நிறுத்துவது? உண்மைதான், அதனால்தான் ஒழுங்கு சிறியதாக இருக்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி நகரத்துத் தொடக்கப் பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தக் காவல் துறையே இருந்தது. கதவுகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற எழுத்து விதியும் இருந்தது. ஆனால் மாநிலச் சட்டமன்றக் குழு விசாரித்தபோது, சாவிகள் போதாததால் ஆசிரியர்கள் கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பது வழக்கமாகிவிட்டிருந்தது தெரிந்தது. ஒரு வகுப்பறையின் பூட்டு சரியில்லை என்பதும் பலருக்குத் தெரிந்திருந்தது. கொலையாளி நுழைந்த வெளிக்கதவு பூட்டப்படாமல் இருந்தது. பணமும் விதியும் இருந்த இடத்திலேயே, கடைப்பிடிக்கக் கடினமான விதி இப்படித்தான் தேய்ந்துபோனது. ஆகவே இரண்டாசிரியர் பள்ளிக்கு நான் சொல்வது இவ்வளவே: கேட்டைச் சாத்துங்கள், மணி வையுங்கள், மணி அடித்தால் ஓர் ஆசிரியர் வாசலுக்குப் போகட்டும், வெளியார் வருவதற்கு இடைவேளையை ஒட்டிய நேரங்களைக் குறித்து வெளியே எழுதிப் போடுங்கள். அந்த நேரத்துக்கு மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவர் முறைவைத்து வந்து உட்கார்ந்தால் நல்லது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கேட்டைத் திறக்கவும் வந்தவரை விசாரிக்கவும் மாணவரை அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆபத்தை முதலில் எதிர்கொள்ளும் இடத்தில் குழந்தையை நிறுத்துவதை எந்தப் பற்றாக்குறையும் நியாயப்படுத்தாது.

பள்ளி நேரத்தின் நடுவே குழந்தையை அழைத்துப்போக வருபவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பள்ளிகளில் மிக அலட்சியமாக நடப்பது இதுதான். “நான் இவனோட மாமா, பாட்டிக்கு உடம்பு சரியில்ல” என்று ஒருவர் சொல்கிறார். ஆசிரியர் பையனைப் பார்த்து “இவரத் தெரியுமா?” என்று கேட்கிறார். அவன் தலையாட்டுகிறான், அனுப்பிவிடுகிறார். குழந்தைக்குத் தெரிந்தவர் என்பது அனுப்பப் போதுமான காரணமே அல்ல. மேலே சொன்ன, பத்தில் ஒன்பது என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். சேர்க்கையின்போதே, பெற்றோரைத் தவிர யார் யார் குழந்தையை அழைத்துப்போகலாம் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், வந்தவர் தரும் எண்ணில் அல்லாமல் எமிஸ் எனும் கல்வித் தகவல் பதிவில் உள்ள பெற்றோர் எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். பெற்றோர் போனை எடுக்கவில்லையென்றால் குழந்தை பள்ளியிலேயே இருக்கட்டும். அழைத்துப்போகும் நேரமும் கையெழுத்தும் பதிவாகட்டும். தாயும் தந்தையும் பிரிந்து வாழும் குடும்பங்களில் யாரிடம் அனுப்புவது என்பது பள்ளி தீர்மானிக்கும் விஷயம் அன்று. நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகல் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளராகக் குறிக்கப்பட்டவருக்குத் தெரியாமல் அனுப்பாதீர்கள். வாசலில் நின்று சண்டை போடுவார்கள் என்று பயந்து குழந்தையை ஒப்படைத்துவிட்டு நிம்மதி அடைவது மிகப் பெரிய துரோகம்.

மூன்றாவது மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது: பூட்டிய பள்ளியில் தீப்பிடித்தால்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. கூரையும் நெருக்கடியும் குறுகிய வழியும் சேர்ந்து அவர்களைச் சிக்கவைத்தன. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் எங்கும் பூட்டு என்று சொல்லாமல் தாழ்ப்பாள் என்று சொல்லி வருகிறேன். உள்ளே வருவதற்கு ஒரு வழி, வெளியேறுவதற்குக் குறைந்தது இரண்டு வழி என்பது கொள்கையாக இருக்கட்டும். இரண்டாவது கேட்டைப் பூட்டியே தீரவேண்டும் என்றால் அதன் சாவி அருகிலேயே, ஆசிரியர் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். தலைமை ஆசிரியரின் கைப்பையில் இருக்கக் கூடாது. ஜன்னல் கம்பி, கிரில் கேட் ஆகியவற்றைப் பொருத்துமுன் ஒரு வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேரும் எவ்வளவு நேரத்தில் மைதானத்துக்கு வரமுடிகிறது என்று ஒத்திகை பாருங்கள். வகுப்பறைக் கதவுகளின் நிலை இன்னும் விசித்திரமானது. நம் பள்ளிகளில் தாழ்ப்பாள் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் வலுவாக இருக்கும், உள்ளே இருக்காது அல்லது உடைந்திருக்கும். 2012 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்த அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது, கொலையாளி பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து நுழைந்தார். ஆனால் வகுப்பறைகளை வெளியே வந்து சாவி போட்டால்தான் பூட்ட முடியும் என்ற நிலை இருந்தது. பின்னர் ஆராய்ந்த குழு, கதவுகள் உள்ளிருந்து பூட்டக்கூடியவையாக வேண்டும் என்பதை முக்கியப் பரிந்துரையாக வைத்தது. நம் ஊரில் துப்பாக்கி இல்லை, ஆனால் அரிவாளும் குடிவெறியும் உண்டு. பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் உள்தாழ்ப்பாள் ஒன்று வைக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். அது தனிமையில் குழந்தையை அடைத்து வைக்கவும் பயன்படலாம் என்ற அச்சம் நியாயமானது. எனவே அந்த அறையின் ஜன்னல்களை அட்டை ஒட்டி மறைக்கக் கூடாது.

கேமரா பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை. நடந்தபின் யார் வந்தார் என்று அறிய அது உதவும். நடக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லாத பள்ளியில் தடுக்க உதவாது. வைப்பதானால் கேட்டையும் படிக்கட்டையும் நோக்கி வையுங்கள். கழிப்பறைப் பக்கமோ உடைமாற்றும் இடமோ அதன் பார்வையில் படவே கூடாது. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று எழுதி வையுங்கள்.

சுவர் விஷயத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. சுவரில் உடைந்த இடம் இருந்தால் அதை அடைப்பதற்கு முன் அது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கோ குளத்துக்கோ ரேஷன் கடைக்கோ போகும் வழியை மறித்துக் கட்டிய சுவர் மறுபடி மறுபடி உடைக்கப்படும். ஊராட்சியிடம் பேசி வெளியே ஒரு பாதை போட்டுக் கொடுத்தபின் அடைத்தால் அது நிற்கும். மாலையில் மைதானத்தில் விளையாட வரும் இளைஞர்களை முற்றாக விலக்குவதையும் நான் ஆதரிக்கவில்லை. அவர்கள் இல்லாத மைதானத்தைக் குடிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பறைக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, மைதானத்துக்கு நேரம் வகுத்து, பொறுப்பேற்க இருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது நல்லது. காலையில் குழந்தைகள் வருமுன் ஒருவர் வளாகத்தைச் சுற்றிவந்து பாட்டில் துண்டு, திறந்த தொட்டி, அறுந்த மின்கம்பி உண்டா, கழிப்பறைக்குள் யாரேனும் இருக்கிறார்களா என்று பார்ப்பது நாளின் முதல் வேலையாக இருக்கட்டும்.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கடினமானது: கெடுதல் உள்ளேயிருந்தே வந்தால், ஆசிரியரே குற்றவாளியாக இருந்தால், கேட் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. வாசலைக் காக்கும் ஒழுங்கை உள்ளே நடப்பதை மறைக்கும் திரையாக எந்தப் பள்ளியும் பயன்படுத்திவிடக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பெரியவர் எவரும் குழந்தையுடன் யார் கண்ணிலும் படாமல் தனித்திருக்கக் கூடாது, கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்று யாரும் இருக்கக் கூடாது. குழந்தை சொல்வதற்கு 1098, 14417 என்ற உதவி எண்கள் அதன் கண்ணுயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சொன்னபின் பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. கிருஷ்ணகிரி வழக்கில் போலி முகாம் நடத்தியவரோடு பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதானது இந்தக் காரணத்தால்தான்.

இவை அனைத்தையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பு, ஒரே கேட், மணி, பதிவேடு, குழந்தையை ஒப்படைக்கும் முறை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது பதிவேட்டை மேசைமேல் வைத்து மூன்றைப் பாருங்கள்: வெளியேறிய நேரம் இல்லாத பெயர்கள் எத்தனை, எழுதாமல் உள்ளே போனவர் யாரையாவது யாரேனும் பார்த்தார்களா, யாரையாவது தவறான முறையில் நடத்திவிட்டோமா. பருவத்துக்கு ஒரு முறை, ஊருக்குப் புதியவரான ஓர் ஆளை, மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடு, முன்னறிவிப்பின்றி உள்ளே அனுப்பி, அவர் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று சோதியுங்கள். அவரைக் குழந்தைகளிடம் நெருங்க விடாமல் தலைமை ஆசிரியர் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்து தலைமை ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகும்போது பெரும்பாலும் இந்த ஒழுங்கும் அவரோடு போய்விடுகிறது. பொறுப்பு ஒப்படைப்பில் அளவைப் பதிவேட்டோடும் கணக்கோடும் சேர்த்து, சாவிகளின் பட்டியல், தினமும் வருபவர்களின் படத்துடன் கூடிய பெயர்கள், குழந்தையை அழைத்துப்போக அனுமதி பெற்றவர்களின் கோப்பு, உள்ளே விடக்கூடாது என்று ஆசிரியர்கள் சொன்னவர்களின் இரகசியக் குறிப்பு ஆகிய நான்கும் கைமாற வேண்டும். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவரோடு உட்கார்ந்து இந்த நான்கையும் ஒருமுறை படித்துக் காட்டட்டும்.